75,000 ரூபாயில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

 

லீவுக்கு அஞ்செட்டி பக்கம் வந்த பழைய மாணவர்களில் நாலைந்து பேர், என் வீட்டு முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், எவ்வளவு ஆச்சு? என் பையனும் கேட்டு உயிரை எடுக்கிறான்." தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். நான் கணக்கு வாத்தியார். விடையை மட்டும் எழுதினால் எனக்கே பிடிக்காது, வழிமுறையும் வேண்டும்.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

உங்கள் டீச்சரம்மா, அதாவது என் வீட்டுக்காரி, 2020 ஏப்ரலில் தபால் ஆபீசில் மாதம் 1,000 ரூபாய் ஆர்டி ஒன்று தொடங்கினாள். அப்போது வட்டி 5.8 சதவீதம். ஐந்து வருடம், அறுபது தவணை. "பேரன் பன்னெண்டாவது முடிக்கிறப்போ கைக்கு வரும், மேல்படிப்புக்கு அவனுக்கு எது வேணுமோ அதுக்கு ஆகட்டும்" என்றாள். 2023இல் அவள் போய்விட்டாள். உங்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள். நாமினி நான்தான் என்பதால் கணக்கை மூடாமல் மீதித் தவணைகளை நான் கட்டினேன். 2025இல் முதிர்ந்தபோது கைக்கு வந்தது 69,697 ரூபாய். என் பென்ஷனிலிருந்து 5,303 சேர்த்து 75,000 ஆக்கினேன். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது என்று அன்றே சொல்லிவிட்டேன்.

பேரன் கேட்டது கேமிங் கம்ப்யூட்டர். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் மகன் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை செய்கிறான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். "அப்பா, அம்மா வயித்தக் கட்டி வாயக் கட்டி சேர்த்த காசு. அது விளையாட்டுக்குப் போகக் கூடாது" என்றான். பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். அப்பனும் மகனும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மருமகள் போன் செய்து, "மாமா, நீங்கதான் ஏதாவது சொல்லணும்" என்றாள்.

அவள் விட்டுப்போன வார்த்தையில் இரண்டு பாதி இருக்கிறது. "மேல்படிப்புக்கு" என்பது ஒன்று. "அவனுக்கு எது வேணுமோ" என்பது இன்னொன்று. மகன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டான், பேரன் இரண்டாவதை. இரண்டையும் நிறைவேற்ற வேண்டியது என் பொறுப்பு.

பேரனைக் கூப்பிட்டு, "கண்ணு, வாய்ல சொல்றதெல்லாம் வேண்டாம். ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டா. என்ன செய்யப் போற, என்ன பொருள் வேணும், ஒவ்வொண்ணும் எதுக்கு, என்ன விலை" என்றேன். நான்கு நாள் கழித்து இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். விளையாட்டு என்பதை அவன் மறைக்கவில்லை, முதல் வரியிலேயே இருந்தது. இரண்டாவது வரி பிளெண்டர். அது முப்பரிமாண உருவங்கள் செய்யும் மென்பொருள், இலவசம். மூன்றாவது, கல்லூரியில் அவன் சேரவிருந்த பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்புக்கு வேண்டிய புரோகிராமிங். முதல் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் முக்கியம், அது கிராபிக்ஸ் கார்டு. படிப்புக்கு மட்டும் என்றால் 35,000 ரூபாய் கம்ப்யூட்டரே போதும் என்பதையும் அவனே எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்காகவே அவனை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

வேறு வழிகளையும் பார்த்தோம்.

பிளேஸ்டேஷன் 5 வாங்கினால் என்ன? இந்தியாவில் அது 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது, பிறகு விலை ஏறியது. விளையாட மட்டும் என்றால் நல்ல பெட்டி. ஆனால் அதில் பிளெண்டர் ஓடாது, புரோகிராம் எழுத முடியாது. பெரிய புதிய விளையாட்டு ஒன்றின் விலை 5,000 ரூபாய் அளவில் இருக்கிறது. பாட்டி சொன்னதில் முதல் பாதி அடிபட்டுப் போகும்.

கேமிங் லேப்டாப்? அதே பணத்தில் கிடைக்கும், தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் கிராபிக்ஸ் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். மூன்று வருடம் கழித்து அதை மட்டும் மாற்ற முடியாது. சூடும் அதிகம். நான் கேட்காமலேயே பேரன் இன்னொரு காரணமும் சொன்னான். "லேப்டாப் வாங்கினா எங்க போனாலும் கூடவே வரும் தாத்தா. ஓசூர்ல வீடு ஒரே ரூம், அப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குவாரு. டெஸ்க்டாப்னா இங்கயே இருக்கும். சனி, ஞாயிறு நான் இங்க வந்துடறேன்."

அவன் பாட்டி போனதிலிருந்து இந்த வீட்டில் சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் இல்லாமல் இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. டெஸ்க்டாப் என்று முடிவாயிற்று.

இனி கணக்கு. வாங்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

கேமிங் கம்ப்யூட்டருக்குப் பட்ஜெட் போடும்போது பலர் செய்வது, மொத்தப் பணத்தையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டுக் கடைசியில் மானிட்டர், யுபிஎஸ், கீபோர்டுக்கு இன்னொரு 15,000 தேடுவது. நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம். கண்டிப்பாக வேண்டிய துணைப் பொருள்களை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டிக்குள் பிரித்தோம். பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்கு.

ஏன் அவ்வளவு? படம் வரைவது அதன் வேலை. ஒரு விநாடிக்கு 60 படம் வரைந்தால்தான் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். 1920க்கு 1080 புள்ளி உள்ள திரையில் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு அறுபது முறை என்றால் 12 கோடிக்கு மேல். பிராசசரில் ஆறு கோர் இருந்தால், கிராபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோர்கள் இருக்கின்றன. ஒரு மேதை உட்கார்ந்து நூறு கணக்கு போடுவது பிராசசர். மூவாயிரம் பிள்ளைகள் ஆளுக்கொரு கூட்டல் போடுவது கிராபிக்ஸ் கார்டு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு இது உடனே விளங்கிவிட்டது.

இரண்டு கார்டுகளுக்கு நடுவில் தயங்கினோம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டும் 2023இல் வந்தவை, இரண்டிலும் 8 ஜிபி மெமரி. முதலாவது சுமார் 3,000 ரூபாய் குறைவு, விளையாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிளெண்டரில் என்விடியா வேகம். மின்சாரமும் கணிசமாகக் குறைவு: 4060க்கு 115 வாட், 7600க்கு 165 வாட். எங்கள் ஊரில் அந்த 50 வாட் ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். புதிதாக வந்திருந்த 5060 எங்கள் கணக்குக்கு மேலே நின்றது.

பிராசசர் ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட். இது ஏஎம்4 என்ற பழைய சாக்கெட்டில் உட்காருவது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் பத்து வருடத்துக்கு எதிர்காலம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதில் இன்னும் புதிய பிராசசர்கள் வரும் என்பது உண்மைதான். ஆனால் போர்டு, டிடிஆர்5 மெமரி எல்லாம் சேர்த்து அப்போது 12,000 ரூபாய்க்கு மேல் கூடும். அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் போக வேண்டும். நாளைக்கு வரப்போகும் பிராசசருக்காக இன்றைய படத்தைக் குறைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டோம்.

2025 ஜூனில் நாங்கள் கொடுத்த விலை, ஜிஎஸ்டி 18 சதவீதம் உட்பட:

பிராசசர் 9,800
மதர்போர்டு 6,300
மெமரி 16 ஜிபி (8 ஜிபி இரண்டு) 3,400
எஸ்எஸ்டி 1 டிபி 5,200
கிராபிக்ஸ் கார்டு 27,000
எஸ்எம்பிஎஸ் 550 வாட் 4,100
கேபினெட் 3,300
மானிட்டர் 24 அங்குலம், 100 ஹெர்ட்ஸ் 7,600
கீபோர்டு, மவுஸ் 1,200
யுபிஎஸ் 1 கேவிஏ 5,400
மொத்தம் 73,300

கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை கூட்டினேன்.

முதல் பட்டியலில் மதர்போர்டு 9,200 ரூபாய். அப்படிப் போட்டால் மொத்தம் 76,200 வந்தது. பேரன் என் முகத்தைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். 75,000 என்றால் 75,000. பிறகு அவனே தேடி, குறைந்த விலை போர்டுக்கு மாறினான். வேகத்தில் சின்ன இழப்பு உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு. யுபிஎஸ்ஸை விட்டுவிடலாமா என்றும் கேட்டான். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

சில விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன்.

மெமரியை ஒரே 16 ஜிபி பட்டையாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியில் தரவு போகும், விளையாட்டில் வித்தியாசம் தெரியும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு சேர்ந்து வருவது, பெயர் தெரியாதது, 1,000 ரூபாய்க்கு "500 வாட்" என்று ஒட்டியிருப்பது, இவை வேண்டாம். அது கெட்டால் தனியாகக் கெடாது, கிராபிக்ஸ் கார்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். "80 பிளஸ்" முத்திரை உள்ளதாகப் பாருங்கள்.

பிராசசர் சீல் வைத்த பாக்ஸில் வருகிறதா, "டிரே" என்று கவரில் வருகிறதா என்று கேளுங்கள். பாக்ஸில் வருவதற்குக் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி உண்டு. டிரேக்குப் பொதுவாகக் கடைக்காரர் வாய்ச்சொல்தான்.

பழைய கிராபிக்ஸ் கார்டு பாதி விலைக்குக் கிடைக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. 2020, 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக உலகம் முழுவதும் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள், கடையில் கார்டே கிடைக்காத காலம். 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் நாணயம் வேறு முறைக்கு மாறியதும் அந்தக் கார்டுகளுக்கு வேலை போயிற்று. இரவு பகலாக ஓடிய அவையெல்லாம் பழைய சந்தைக்கு வந்தன. நன்றாக ஓடுபவையும் உண்டு. ஆனால் பில்லும் மீதி வாரண்டியும் இல்லாமல் தொடாதீர்கள்.

எங்கே வாங்குவது? நமக்கு மூன்று வழி. ஓசூர் கடை, பெங்களூரு எஸ்பி ரோடு, ஆன்லைன். எஸ்பி ரோடு என்றால் சதார் பத்ரப்பா ரோடு. சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி பெங்களூருக்கு அது. நம் எல்லைப்பகுதி ஆள்களுக்கு ஒரு வசதி: அஞ்செட்டிக்காரனுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வாயில் வரும். நானும் பேரனும் ஒரு நாள் முழுக்க அங்கே கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரே கார்டுக்கு நாலு கடையில் நாலு விலை. ஒரு கடையில் விலை நிறையக் குறைவு, பில் கேட்டதும் விலை ஏறிவிட்டது. 2017க்கு முன்னால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு, எல்லை தாண்டினால் சில பொருளில் லாபம் இருந்தது. ஜிஎஸ்டி வந்தபின் இரண்டு பக்கமும் அதே 18 சதவீதம். மிச்சம் என்பது போட்டியால் வருவது மட்டும்.

எல்லாம் கூட்டிப் பார்த்ததில் ஓசூருக்கும் எஸ்பி ரோட்டுக்கும் வித்தியாசம் 1,900 ரூபாய். ஓசூரில் கடை வைத்திருப்பவன் என் மாணவன். அதற்காக மட்டும் நான் அவனிடம் போகவில்லை. ஏதாவது பழுதென்றால் அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் போய்வரவே ஒரு நாள் ஆகிவிடும். பெங்களூரு என்றால் இரண்டு நாள். நான் எஸ்பி ரோட்டு விலைப்பட்டியலை அவன் முன்னால் வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "சார், இன்னும் நீங்க வீட்டுப்பாடம் செக் பண்றதை விடலையே" என்று பாதிக்கு மேல் குறைத்தான். மீதி வித்தியாசத்தைச் சர்வீஸுக்கான விலை என்று வைத்துக்கொண்டேன்.

அவனைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 செப்டம்பரில் அரசு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நினைவிருக்கும். அப்போது பிளஸ் டூ படித்தவன் அவன். கையில் கொடுத்த லேப்டாப்பை அந்த மாதமே ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திறந்தவன். "சினிமா பார்க்கத்தான் குடுக்கறாங்க" என்று ஊரில் பேச்சு. அவனும் சினிமா பார்த்தான், யார் இல்லை என்றது? பார்த்துக்கொண்டே மற்ற பையன்களின் லேப்டாப்பையும் சரிசெய்யக் கற்றுக்கொண்டான். இன்று அவன் கடையில் மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறான். இந்தக் கதையை என் மகனிடமும் சொன்னேன். "எல்லாரும் அப்படி ஆயிடறாங்களாப்பா?" என்றான். ஆகவில்லைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது விண்டோஸ். பட்டியல் போடும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. முறையாக உரிமம் வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. வேறொரு கடையில், "எதுக்கு சார், 200 ரூபாய்க்கு கீ போட்டுத் தரேன்" என்றார்கள். முப்பத்து நான்கு வருடம் பிட் அடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பாட்டியின் பணத்தில் வாங்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸ் இலவசம். நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பிலேயே விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்போது ஸ்டீமில் உள்ள புரோட்டான் என்ற ஏற்பாட்டால் விண்டோஸ் விளையாட்டுகளில் ஏராளமானவை லினக்ஸிலும் ஓடுகின்றன. ஆனால் பேரனின் நண்பர்கள் எல்லாரும் ஆடும் வேலரன்ட் ஓடாது. அதன் கள்ளாட்டத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. இதைக் கேட்டதும் பையன் முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் வந்து, "சரி தாத்தா. விண்டோஸுக்கு நானே காசு சேர்த்துக்கறேன்" என்றான். இப்போது ஓசூரில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறான். இன்னும் பாதிதான் சேர்ந்திருக்கிறது.

இனி கரண்ட். மழைக்காலத்தில் காட்டுக்குள் வரும் லைனில் மரம் விழுந்தால் நமக்கு என்ன ஆகும் என்று அஞ்செட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வோல்டேஜும் ஏறி இறங்கும். வீட்டு இன்வெர்ட்டர் போதாதா என்று கேட்பீர்கள். சாதாரண இன்வெர்ட்டர் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப ஏறும். அதனால்தான் தனி யுபிஎஸ். 1 கேவிஏ என்று எழுதியிருப்பதில் உண்மையில் கிடைப்பது 600 வாட் அளவு. எங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும் முழு வேகத்தில் 300 வாட் எடுக்கின்றன. பாதிச் சுமை. சேமித்துவிட்டு நிதானமாக அணைக்க நேரம் கிடைக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் மிச்சமான 50 வாட் இங்கேதான் உதவியது.

மின்கட்டணமும் போட்டுப் பார்த்தேன். சனி, ஞாயிறு தலா நான்கு மணி நேரம், வாரம் 8 மணி. 300 வாட் என்றால் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 21 யூனிட். இலவச யூனிட்கள் போக என் பில்லில் பெரிய மாற்றமில்லை.

பெட்டி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மகனும் வந்திருந்தான், கம்ப்யூட்டரைப் பார்க்க அல்ல, மருமகள் கட்டாயத்தில். பையன் பெட்டியைப் பிரிக்கும்போது இவன் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பிளக் போடப் போகும்போது மட்டும் எழுந்து வந்து, "இருடா" என்றான். பையில் வைத்திருந்த மல்டிமீட்டரை எடுத்துப் பிளக் பாயிண்டில் வைத்தான். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 226. பேஸுக்கும் எர்த்துக்கும் 140. "எர்த் செத்துப்போச்சு. இதுல போட்டா கேபினெட் ஷாக் அடிக்கும், போர்டும் போயிடும்" என்றான். வீடு கட்டியபோது போட்ட எர்த், முப்பது வருடமாக யாரும் பார்க்கவில்லை.

அன்று கம்ப்யூட்டர் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு மகன் ஜிஐ பைப், கரி, உப்பு, ஒயர் எல்லாம் வாங்கிவந்தான். அப்பனும் மகனுமாகக் கிணற்றுப் பக்கம் குழி தோண்டினார்கள். பைப்பை நிறுத்தி, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினார்கள். ஏன் கரி, ஏன் உப்பு என்று பையன் கேட்க, ஈரம் தங்கினால்தான் மண் கரண்ட்டை வாங்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே வேலை செய்தான். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். திரும்ப மீட்டர் வைத்தபோது 224. செலவு 1,450 ரூபாய். பட்டியலில் மீதமிருந்த 1,700இல் அது போக 250 நின்றது.

சாயங்காலம் பஸ் ஏறும்போது மகன் சொன்னது ஒன்றுதான். "ராத்திரி பத்து மணிக்கு மேல ஓடக் கூடாது. தாத்தா பாத்துக்கணும்."

அவன் பயம் வெறும் பயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தைச் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மணிக்கணக்கை வைத்து மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது. இந்த மூன்றையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் சிலர் இதையும் ஆன்லைன் ரம்மியையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளை அங்கீகரிக்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். பிள்ளை என்ன ஆடுகிறான், அதில் பணம் கட்டச் சொல்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தூரத்திலிருந்து திட்டினால் எதுவும் தெரியாது.

அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில் எனக்கும் ஒன்று கிடைத்தது. "வெண்பா" என்று ஒரு விளையாட்டு. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன குடும்பத்தின் கதை. அம்மா வைத்திருக்கும் பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்துபோயிருக்கும். விட்டுப்போன படியை நாம் யோசித்து இட்லி, பிரியாணி என்று சமைக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை முதல் படைப்புக்கான பிரிவில் வாங்கியது. மவுஸைப் பிடித்து நானே இட்லி ஊற்றினேன். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் முதல் புதிர். உங்கள் டீச்சரம்மா இருந்திருந்தால் அரை நிமிடத்தில் முடித்திருப்பாள். வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டுக்கு 27,000 ரூபாய் கார்டு தேவையே இல்லை, சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும்.

இணையம் பற்றி ஒரு குறிப்பு. பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிபி இருக்கும். என் 30 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஏறக்குறைய ஏழரை மணி நேரம். ஏழரை என்றாலே நமக்கு ஆகாது. அதனால் பேரன் ஓசூரில் நண்பன் வீட்டில் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருகிறான். ஸ்டீமிலேயே அதற்கு வழி இருக்கிறது. இன்னொன்று: ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு முக்கியமான செய்தி. மேலே நான் எழுதிய விலை இன்று இல்லை. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை எங்கோ போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்புகள் போகின்றன. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான் உலகத்துக்குப் பெரும்பாலும் மெமரி செய்பவர்கள். அதில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்கும் குரூஷியல் வகைகளையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நாங்கள் 3,400க்கு வாங்கியது பிறகு இரண்டு மடங்கையும் தாண்டிப் போனது. எஸ்எஸ்டியும் ஏறியது. அதே 75,000தான் இருக்கிறது என்றால் முதலில் மெமரி விலையை விசாரியுங்கள், பிறகு மற்றதைப் பிரியுங்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 மெமரி இருந்தால் குப்பையில் போடாதீர்கள். பேரக் குழந்தை காத்திருக்க முடியும் என்றால், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசசரோடு இப்போது வாங்கிவிட்டு, கார்டை அடுத்த வருடம் போடலாம். டெஸ்க்டாப்பின் பெரிய வசதியே அதுதான்.

பேரனின் முதல் செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. வந்ததும் மகன் என்ன சொல்வான் என்று எனக்கும் கொஞ்சம் படபடப்பு உண்டு. ஒவ்வொரு மாதமும் பிளெண்டரில் ஒன்று செய்து காட்ட வேண்டும் என்பது அவனே எழுதிக்கொடுத்த நிபந்தனை. இதுவரை ஆறு செய்திருக்கிறான். டிசம்பரில் செய்தது, பாட்டி ராகி அரைத்த திருகைக் கல். பின்கட்டில் கிடக்கும் கல்லைப் பக்கத்தில் வைத்து டேப் பிடித்து அளந்து செய்தான். கைப்பிடி பக்கம் விளிம்பு உடைந்திருப்பது உட்பட அப்படியே இருக்கிறது. மகன் அதைத் தன் போன் திரையில் வைத்திருப்பதாக மருமகள் சொன்னாள். என்னிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மீதி 250 ரூபாயைத் தபால் ஆபீஸ் கணக்கிலேயே போட்டுவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் பட்ஜெட்டையும் பிள்ளை என்ன செய்யப் போகிறான் என்பதையும் கீழே எழுதுங்கள். பேரனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் மாணவர்கள் நான் எழுதியதில் விட்டுப்போனதைச் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வீட்டு எர்த்தை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.



அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
அஞ்செட்டி